திருவெண்பாக்கத்து ஊன்றுகோல்: புற்றுநோய்ச் சிகிச்சையினின்று தேறுவார்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஒரு விளக்கம்

திருச்சிற்றம்பலம்

நோய் நீங்குதல் ஒன்று. நோயினின்று தேறுதல் மற்றொன்று. முன்னது மருத்துவர் சோதித்து உரைக்கும் ஒரு நாளில் முடிவது. பின்னது மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் இல்லத்தினுள்ளே நிகழ்வது. புற்றுநோயின்கண் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலனாகும். அறுவையும், கதிர்ச்சிகிச்சையும், கீமோதெரபி என வழங்கும் மருந்தேற்றமும் முடிவுற்று மருத்துவர் விடைகொடுத்து அனுப்பிய பின்னரே, உடலின் தளர்ச்சியும் உள்ளத்தின் அச்சமும் நோயுற்றாரை முழுவதும் வந்து சூழ்கின்றன. சுற்றத்தார் துன்பம் முடிந்ததெனக் கருதித் தத்தம் தொழிலுக்குத் திரும்புங் காலமும் அதுவேயாம். அந்நிலையில் எழும் வினாக்கள் இரண்டு. இந்நோய் எனக்கு ஏன் வந்தது என்பது ஒன்று. இனி எதனைப் பற்றி நடப்பேன் என்பது மற்றொன்று. இவ்விரண்டற்கும் சித்தாந்த சாத்திரங்களும் திருத்தொண்டர் புராணமும் தரும் விடை யாதென ஆராய்வாம்.

வழியும் ஊர்களும்

சென்னைக்கு மேற்கே ஆவடியைச் சார்ந்துள்ள முத்தாபுதுப்பேட்டையில் வாழும் சைவர்க்கு இவ்விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. அவ்வூர்க்குக் கிழக்கே வட திருமுல்லைவாயில் உளது. தென்மேற்கே திருநின்றவூர் உளது. இன்னும் மேற்கே சென்று திருவள்ளூரைக் கடந்தாற் பூண்டியில் திருவெண்பாக்கத்து இறைவர் எழுந்தருளியுள்ளார். கண்ணொளி இழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் பிறர் வழிகாட்ட நடந்து சென்றது இந்நாட்டின் ஊடேயாம்.

சுவாமிகள் திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணந்தபோது, அவரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியிற் சூளுற்றார். பின்னர்த் திருவாரூர் நினைவு மிகுந்து ஊரெல்லையைக் கடந்த அளவில் இருகண்ணும் ஒளியிழந்தன. அவர் முதற்கண் அடைந்த தலம் வட திருமுல்லைவாயில். தம் துயரைக் களையுமாறு ஆங்கு அவர் பாட்டுத்தோறும் வேண்டினார். அத்திருப்பதிகத்தினுள்ளேயே சங்கிலியார் பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டதனையும் மறையாது கூறினார். ஆயினும் ஆங்குக் கண் கிடைத்திலது. அடுத்துத் திருவெண்பாக்கத்தை அடைந்து, இறைவர் திருக்கோயிலுள் உளரோ என வினவினார். இறைவர் அயலார் போல, தாம் ஆங்கு இருத்தலைத் தெரிவித்து, அவரைப் போகுமாறு விடுத்தார். அன்று அருளியது கண் அன்று, ஊன்றுகோல் ஒன்றேயாம். அதனை ஊன்றிப் பழையனூர் வழியாகக் காஞ்சியை அடைந்தபோது இடக்கண் ஒளிபெற்றது. சோழநாட்டுத் திருத்துருத்தியில் வடகுளத்தில் மூழ்கியபோது மேனியைப் பற்றியிருந்த பிணி நீங்கியது. திருவாரூரை அடைந்த பின்னரே வலக்கண் ஒளிபெற்றது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கது யாதெனின், நலம் ஒருங்கே வந்திலது என்பதாம். முதலில் விண்ணப்பம், பின்னர் ஊன்றுகோல், அதன்பின் ஒருகண், அதன்பின் மேனி நலம், ஈற்றில் மற்றைக் கண் என அது படிப்படியாக வந்தது. இவற்றுள் கண் மட்டுமே அருள், கோல் அருளன்று எனக் கொள்வார் உளரேல், அவர் இறைவரின் திருப்பெயரை நோக்குக. திருவெண்பாக்கத்து இறைவர் ஊன்றீசுவரர் என்றே வழங்கப்பெறுகின்றார், அம்மை மின்னொளியம்மை. கண்ணில்லாதார்க்கு மின்னலாய் நின்று அம்மை வழிகாட்டினள் எனத் தலவரலாறு கூறும். 1944-ல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் பழைய தலம் அடங்கியபின், திருக்கோயில் பூண்டியிற் புதிதாக அமைக்கப்பெற்றது. ஊர் நீருள் மறைந்தும் கோல் தந்தவர் என்னும் பெயர் மறையவில்லை. காஞ்சியிற் கண் தந்ததனினும் ஈண்டுக் கோல் தந்தது சிறிதாயின், அத்தலத்து இறைவர்க்கு அது பெயராகி நிலவுதல் யாங்ஙனம்?

சிகிச்சையினின்று தேறுவார்க்கு இஃது இன்றியமையாத தெளிவாம். இன்று ஒரு பிடி சோறு கூடுதலாக உண்டமை, மாடிப்படியைத் துணையின்றி ஏறியமை, ஓர் இரவு அச்சமின்றி உறங்கியமை ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஊன்றுகோல் என்க. முழு நலம் வந்தபின்னரே இறைவன் அருளினான் எனக் கருதியிருப்பார், வழிநெடுகத் தரப்பெற்றவற்றைக் காணாது போவர்.

நோயும் வினையும்

இனி முதல் வினாவை நோக்குவாம். இல்லத்திற் புற்றுநோய் புகுந்த அளவிலே, என்ன பாவம் செய்தாரோ என்னும் சொல் அயலார் வாயினின்றும் எழுகின்றது. சில வேளைகளில் வீட்டாரிடமிருந்தே எழுகின்றது. அது நோயினுங் கொடிது. சித்தாந்தம் வினைக்கொள்கையை உடன்படுதலின் அச்சொல் சித்தாந்தத்திற்கு இயைந்ததே எனச் சிலர் மயங்குவர். அம்மயக்கத்தை நீக்குதல் வேண்டும.

சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினை மூவகைப்படும். முகந்துகொண்ட வினையாகிய பிராரத்தம் இவ்வுடலில் நுகர்தற்குரியது. அது வந்து சேரும் வாயில்களும் ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என மூன்றாம். எவ்வினையின் பயன் எவ்வாயிலால் எவ்வளவில் வந்ததென அறிந்து கூட்டுவான் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே. உயிர் தன் வினையைத் தானே அறியாது என்பது சித்தாந்தத்தின் உறுதி. தன் வினையையே அறியாத உயிர் பிறிதோர் உயிரின் வினையை அறிந்தாற்போல இன்ன பாவத்தால் இன்ன நோய் எனக் கூறுதல், இறைவன் தொழிலைத் தான் மேற்கொள்ளுதலாம். ஆகலின், வினைக்கொள்கை பிறரைச் சுட்டுதற்கு ஏற்பட்ட கருவியன்று. தன் நுகர்ச்சியைத் தளராது ஏற்றுக்கொள்ளுதற்குத் துணையாய் நிற்பது.

அற்றேல், சுந்தரர் சூள் பிழைத்தமையாலன்றே கண்ணிழந்தார் எனின், அதனைக் கூறினவர் அவரே; உடன்சென்ற அடியாருள் ஒருவரும் அதனைச் சுட்டி அவரை வருத்தினாரிலர். மேலும், எல்லா நோயும் பிழையின் பயன் எனப் புராணம் கூறவுமில்லை. திருஞானசம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து உடனிருந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியது. அஃது அந்நிலத்தின் இயல்பால் வந்ததென்றே சேக்கிழார் உரைத்தார். பிள்ளையார் அவரைக் குறைகூறவில்லை. நோயுற்றாரைத் தம்மினின்றும் வேறுபிரியாது, தம்மையும் உளப்படுத்திய பன்மையாலே அந்நோய் தீண்டாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடினார். சுரம் பற்றியது அடியார் சிலரை. பாடியதோ அனைவர்க்கும் பொதுவாக. ஒருவர்க்கு வந்த நோயை இல்லம் முழுவதும் தனதெனக் கொள்ளுதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

திருநாவுக்கரசர் சூலையால் வருந்தித் திருவதிகையில் தமக்கையார் திருவடியில் வீழ்ந்தபோது திலகவதியார் செய்தது யாது? சமயம் மாறிப் பிரிந்து சென்ற தம்பியை நோக்கி, அன்றே கூறினேன், கேட்டாயில்லை என்னும் சொல் அவர் வாயினின்றும் எழவில்லை. இறைவன் அருளே இது எனத் தேற்றி எழுப்பி, திருநீற்றைத் திருவைந்தெழுத்து ஓதிக் கொடுத்து, வைகறையில் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயுற்றார்க்கு இல்லத்தார் கூறத்தக்க சொல்லும் செய்யத்தக்க செயலும் இவ்வளவே.

இக்காலத்து மருத்துவநூலும் இதற்கு மாறாகாது. புகையிலை, மது, சில நுண்கிருமிகள், வழிவழி வரும் உடற்கூறு, முதுமை ஆகியவை புற்றுநோய்க்கு ஏதுவாவன எனவும், உடலின் அணுக்கள் பெருகுங்கால் தற்செயலாக நேரும் பிறழ்ச்சியும் ஓர் ஏதுவாம் எனவும் அது கூறும். ஆகவே குற்றமற்ற வாழ்வினரையும் குழந்தைகளையும் இந்நோய் பற்றுகின்றது. திருவண்ணாமலை ரமண மகரிஷிகளின் இடக்கையில் எழுந்த கட்டி 1949 பிப்ரவரியில் முதன்முறை அகற்றப்பட்டது. பின்னரும் அது மீண்டும் மீண்டும் எழ, அவர் அறுவைகளையும் ரேடியச் சிகிச்சையையும் ஏற்றுப் பொறுத்திருந்து, 1950 ஏப்ரல் 14-ல் உடல் நீத்தார். நோயைக்கொண்டு ஒருவர் தூய்மையை அளத்தல் இயலாது என்பது இதனால் விளங்கும். செய்யத்தக்கது ஒன்று உண்டு: புகையிலையையும் மதுவையும் இனி விடுதல். அஃது ஆகாமியத்தைக் காத்தல். கடந்ததனைத் தோண்டுதல் அன்று.

மருந்தும் அருளும்

பதிகத்தாலும் திருநீற்றாலும் நோய் தீர்ந்த வரலாறுகளை எடுத்துக்காட்டி, மருந்து வேண்டா, நம்பிக்கையே போதும் என்பாரும், சிகிச்சையை இடையிலே விடுமாறு தூண்டுவாரும் உளர். இஃது உயிரைப் போக்கும் பிழை. திருநாவுக்கரசரைச் சூலையால் ஆட்கொண்டதும் அதனைத் தீர்த்ததும் அவர் ஒருவர்பால் இறைவன் நிகழ்த்திய திருவிளையாட்டு. மருந்தை விலக்குக என்னும் விதி அவ்வரலாற்றுள் யாண்டும் இல்லை.

மற்று, அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் ஓர் உவமை வைத்தார். மருத்துவன் சில நோய்களை அன்போடு அறுத்தும் கீறியும் தீர்ப்பன். சில நோய்களைக் கட்டியும் பாலும் போன்ற இனியவற்றைக் கொடுத்துத் தீர்ப்பன். அவ்வாறே இறைவனும் துன்பத்தையும் இன்பத்தையும் நுகர்வித்து வினையை அறுப்பன் என்பது அதன் கருத்து. இவ்வுவமையின் ஆற்றலை ஊன்றி நோக்குக. மருத்துவன் கத்தியை எடுப்பது வெகுளியால் அன்று, அன்பினால் என்பது உலகம் அறிந்ததாகலின் அன்றே, அதனை இறைவன் செயலுக்கு உவமையாக்கினார்? அறுவை செய்யும் கையே அருளுக்கு உவமையாயின், அக்கையை நாடிச் செல்லுதல் அருளுக்கு மாறாதல் எங்ஙனம்? புள்ளிருக்குவேளூரில் இறைவனே வைத்தியநாதன் என்னும் பெயர் பூண்டு எழுந்தருளியுள்ளான் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருமூலரும், உடம்பை இழுக்கென்று முன்னர் எண்ணியிருந்து, அதனுள் இறைவன் கோயில்கொண்டமை கண்டபின் அதனைப் பேணலானதாகக் கூறினார்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து செய்வான் என நால்வகையினையும் மருத்துவத்தின் கூறுகளாக வைத்தார். நான்காவதாக நின்றவன் இல்லத்தானே. பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டும் இதற்குச் சான்றாம். பெருமாள் கோயிலைச் சார்ந்து நடந்த வீரசோழன் என்னும் ஆதுலசாலையிற் படுக்கைகள் 15 இருந்தன எனவும், மருத்துவரும், சல்லியக்கிரியை செய்வாரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் இருந்தனர் எனவும், இருப்பில் வைக்கப்பட்ட மருந்துகள் இவை எனவும் அது கூறுகின்றது. கோயிலும் மருத்துவமும் நம் முன்னோர்க்குப் பகையாய் இருந்தில.

சென்னையில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை எழுந்ததும் ஓர் இல்லத்தின் துயரினின்றேயாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையாரை 1923-ல் இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயர் அவர் உள்ளத்தே முப்பது ஆண்டுகள் கனன்று, 1954-ல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. படுக்கைகள் 12 கொண்டு தொடங்கிய அதனை, அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்து 2021-ல் மறையும்வரை அதற்கே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தாவும் வளர்த்தனர். தம்பியின் பொருட்டு உயிர்தாங்கிய தமக்கையைத் திருவதிகையிற் கண்டோம். தங்கையின் பொருட்டு மருத்துவமனை எடுத்த தமக்கையை ஈண்டுக் காண்கின்றோம். பின்னர் 1969-ல் காஞ்சிபுரத்தில் அரசினரும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தனர். இவையாவும் வழிநடப்பார்க்கு வைத்த ஊன்றுகோல்களே.

இல்லத்தார் கடன்

அருகிருந்து செய்வார் அறியவேண்டுவன சில. புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதன்று. உண்கலத்தையும் படுக்கையையும் அச்சத்தால் வேறாக்கி வைத்தல் நோயுற்றார் நெஞ்சைப் புண்படுத்துவதன்றிப் பிறிதொரு பயனும் தாராது. மருந்தேற்றிய நாளினின்று பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் குருதியின் வெள்ளணுக்கள் மிகக் குறையும். அக்காலத்துச் சுரம் 100.4 பாகையை எட்டுமாயின், இரவாயினும் பகலாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். திருநீறு பூசுக, பூசிக்கொண்டே வண்டியில் ஏற்றுக. விடியட்டும் எனக் காத்திருத்தல் கூடாது. வாய் புண்பட்டிருக்குமாயின் காரமும் புளியும் நீக்கிக் கஞ்சியும் குழைந்த சோறும் சிறிது சிறிதாகத் தருக. நாட்டுமருந்து எதனையேனும் கொடுக்க விரும்பின், சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் மறையாது உரைத்த பின்னரே கொடுக்க.

சிகிச்சை முடிந்த பின்னும் பல மாதங்கள் நீடிக்கும் அயர்ச்சி சோம்பலன்று. உறக்கத்தாலும் முழுதும் தீர்வதன்று. வீட்டுத் தலைவி மருத்துவமனையினின்று மீண்ட மறுநாளே அடுக்களைக்குத் திரும்புவாள் என எதிர்பார்த்தலும், தலைவன் உடனே பொருளீட்டப் புறப்படுவான் என எதிர்பார்த்தலும் கண்ணில்லாதாரைக் கோலின்றி நடக்கச் சொல்லுதல் போலும். நலம் உசாவ வருவார் இறந்தாரைப் பற்றிய கதைகளைக் கூறாது, சிறிது நேரம் இருந்து போதல் நன்று. ஓயாது பேணுவாரும் தளர்வர். ஆகலின் சுற்றத்தார் ஒருவர் மாறி ஒருவர் அப்பணியை ஏற்றல் வேண்டும்.

இன்னும் ஒன்று கூறாதொழிதல் ஆகாது. தலைமயிர் உதிர்ந்தமையாலோ, மார்பகம் அகற்றப்பட்டமையாலோ ஒரு பெண்ணைத் திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அதற்குச் சைவநூலில் ஆதரவு யாதும் இல்லை. சுந்தரர் சென்ற அவ்வழியிலே, பழையனூரை அடுத்த திருவாலங்காட்டில், ஊனழகு முழுவதையும் உதறிய காரைக்காற் பெருமாட்டியார் இறைவன் திருவடிக்கீழ் இருக்கின்றார். அவர் அதனைத் தாமே வேண்டிப் பெற்றார். நோயுற்ற பெண்ணோ வேண்டாமலே இழந்தாள். வேறுபாடு அவ்வளவே. அழகு நீங்கிய அவ்வடிவை நோக்கியே இறைவன் அம்மையே என அழைத்தான். இறைவன் அம்மை என்ற வடிவை மக்கள் அமங்கலம் எனல் தகுமோ? மருந்தேற்றம் நின்ற சில மாதங்களில் மயிர் மீண்டும் வளரும். இழித்துரைத்த சொல்லோ நெஞ்சினின்று நீங்காது.

வழிபாடு

கோயிலுக்குச் செல்ல இயலாமையால் வழிபாடு குறைந்தது என வருந்துவார் மிகப் பலர். முத்தாபுதுப்பேட்டைக்கு அணித்தேயுள்ள திருநின்றவூர் இதற்கு விடையாய் நிற்கின்றது. பூசலார் நாயனார் பொருளில்லாமையால் மனத்தினுள்ளேயே நாள் குறித்து அடிநிலையிட்டு, சிகரமும் தீபியும் எடுத்து, மதிலும் குளமும் அமைத்துக் கோயில் எடுத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர் கோமானின் கனவில் இறைவன் தோன்றி, அவன் குறித்த நாளைப் பின்னுக்குத் தள்ளுமாறு பணித்து, அன்பன் அகத்தெடுத்த கோயிலுள் முதற்கட் புகுந்தான். படுக்கையிற் கிடப்பார் செய்யும் அகவழிபாடு, இயன்ற காலத்துச் செய்த புறவழிபாட்டிற்குப் பதிலாகக் கிடைத்த சிறுபொருள் அன்று; இறைவன் நாள்மாற்றி முற்பட வந்து புகுந்த பெருங்கோயில்.

ஆகவே, சோமவாரமும் பிரதோடமும் சட்டியும் பற்றிய உபவாசத்தைச் சிகிச்சைக் காலத்து விடுதலால் குற்றமில்லை. உடலைப் பேண உண்பதே அக்காலத்து நோன்பு. வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் திருவிழாக் கூட்டத்தையும், காய்ச்சாத தீர்த்தத்தையும், நெடுநேரம் திறந்திருந்த பிரசாதத்தையும் விலக்குக. கதிர்ச்சிகிச்சை பெறும் இடத்துத் தோல் மென்மையுற்றிருக்குமாகலின், மருத்துவர் உடன்பட்டாலன்றி அவ்விடத்துத் திருநீறும் சந்தனமும் பூசாது, ஏனைய இடங்களிற் பூசுக. தீமிதித்தல், அலகு குத்துதல் போன்ற நேர்த்திகளை உடல் தேறும்வரை தள்ளிவைத்தலும், வேறு எளிய தொண்டாக மாற்றிக்கொள்ளுதலும் அமையும். அன்பர் உடல் நலிய மகிழ்பவன் அல்லன் இறைவன்.

அறுவையின் தழும்பைக் கண்டு நாணுவார் திருமுல்லைவாயில் இறைவரை நினைக. முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்கத் தொண்டைமான் வாளால் வீசினான்; அவ்வாள் இலிங்கத் திருமேனியிற் பட்டுக் குருதி பெருகியது என்பது தலவரலாறு. அத்திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பிட்டே வைக்கப்பெறுகின்றது. சித்திரைச் சதயத்தன்று அக்காப்பு களையப்பெறும். வெட்டுண்ட தழும்பைத் தாங்கியும் அவர் பெயர் மாசிலாமணி. தழும்பு மாசாகாது என்பதற்கு அத்திருப்பெயரே சான்று.

எஞ்சி நிற்கும் அச்சம்

நோய் நீங்கிற்று எனக் கேட்ட பின்னும், மீண்டும் வருமோ என்னும் அச்சம் நிற்கும். மறுசோதனைக்குரிய நாள் நெருங்குந்தோறும் உறக்கம் கெடும். சிறு இருமலும் பெருநோயாகத் தோன்றும். இதனை நம்பிக்கைக் குறைவு எனக் கடிதல் தவறு. பெருங்காயம் இருந்த கலத்தினின்று பெருங்காயத்தை அகற்றிய பின்னும் மணம் எஞ்சுமாறு போல, மலம் நீங்கிய ஞானியரிடத்தும் வாதனை தாக்குமெனச் சித்தாந்தம் கூறும். ஞானியர்க்கே அஃது உண்டாயின் ஏனையோர்க்குக் கூறவேண்டுமோ? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அவ்வாதனை நீங்கும் வழியை வகுத்தது: அன்பரோடு கூடுதல், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதல். தனிமை வாதனையை வளர்க்கும். கூட்டம் அதனைத் தணிக்கும். மறுசோதனைக்கு நோயுற்றாரைத் தனியே விடாது ஒருவர் உடன்செல்லலும், மாலையில் வீட்டார் ஒருங்கிருந்து ஒரு பதிகமேனும் ஓதுதலும் இந்நெறியின்பாற்படும். மறுசோதனையைத் தவிர்த்தலோ கூடாது. அஃது அச்சத்தை நீக்காது, காலத்தையே கடத்தும்.

இறைவனை நோக்கிக் குறைகூறுதலும் நம்பிக்கையின்மை அன்று. வலக்கண் வேண்டித் திருவாரூரிற் பாடிய சுந்தரர் பணிவான சொற்களை மட்டும் கூறினாரல்லர். அடிமைகொண்டும் துயர் களையாத தலைவரோடு வழக்கிட்டே பாடினார். இறைவன் சினந்திலன், கண்ணைத் தந்தான். நோயுற்றார் ஒருவர் பூசையறையில் நின்று, எனக்கு ஏன் என அழுவாராயின், வீட்டார் அவரை அடக்கவேண்டா. வழக்கிடுதற்கு எதிரே ஒருவன் உளன் என்னும் துணிபுடையாரே வழக்கிடுவர்.

ஊடலும் தூதும்

இருகண்ணும் பெற்ற பின்னும் சுந்தரர் வரலாறு முடியவில்லை. உடல் தேறியது, இல்லம் தேறவில்லை. சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டிருந்த பரவையார் கதவடைத்தார். சுவாமிகள் விடுத்தோர் பயனின்றி மீண்டனர். அப்பொழுது தியாகேசப் பெருமானே நள்ளிரவில் திருவாரூர்த் திருவீதியில் நடந்து தூது சென்றார். முதலில் அருச்சிப்பார் வடிவிற் சென்றபோது பரவையார் இசைந்திலர். இரண்டாம் முறை தம் வடிவோடு சென்ற பின்னரே இசைந்தார். கண் தருதற்கு இருந்த இடத்திலிருந்தே அருளியவன், கணவன் மனைவியரை இணைத்தற்குத் தன் திருவடி நோவ இருமுறை நடந்தான் என்பது எண்ணுந்தொறும் நெஞ்சை உருக்குவதாம்.

நெடுநோய் இல்லங்களில் விளைக்கும் மனத்தாங்கல்கள் பல. செலவான பொருள், தடைப்பட்ட மகளின் திருமணம், பேணியவர்க்குக் கிடைக்காத நன்றி, எட்டிப்பாராத உடன்பிறந்தார், உண்மையை மறைத்தமையால் மனம் நொந்த பிள்ளைகள் என அவை விரியும். சிகிச்சை நாட்களில் அவை வாய்திறவா. தேறும் நாட்களிலே கதவடைக்கும். அவற்றைத் தீர்த்தல் நலம்பெறுதலின் புறம்பான செயலன்று. அதன் இறுதிப் பகுதியாம். ஒருமுறை சென்று இசையாராயின் இரண்டாம் முறை செல்க. இறைவனுக்கே முதன்முறை பலித்திலது.

முடிவாகக் கூறவேண்டுவது ஒன்று. எல்லார்க்கும் இருகண்ணும் மீள்வதில்லை. சிலர் ஒருகண்ணோடு வாழ்வர். சிலர் வெண்பாக்கத்துக் கோலோடே பயணத்தை முடிப்பர். அவர்க்கு அருள் குறைந்தது எனக் கூறுவார் சித்தாந்தம் அறியார். கோலை நீட்டிய கை எதுவோ, அதுவே கண்ணைத் தந்த கையும். அக்கை இக்காலத்து மருத்துவர் கையாகவும், மருந்தளிக்கும் செவிலியர் கையாகவும், நடுநிசியில் எழுந்து வெந்நீர் வைக்கும் மனைவியின் கையாகவும், மருத்துவமனைக்குச் செல்ல ஆட்டோ பிடித்துவரும் மகனின் கையாகவும் வருகின்றது. நோயுற்றார் அதனை அடையாளங்கண்டு பற்றுக. இல்லத்தார் தம் கை யாருடைய கைக்கருவி என்பதனை மறவாது நீட்டுக.

திருச்சிற்றம்பலம்